கமக்காரரின் வில்லுக்கத்தியும் அதிற் செய்யத்தக்க திருத்தங்களும்

போகம் தொடங்குமுன் கமக்காரர் தம் கருவிகளை எடுத்துப் பார்த்தல் வழக்கமாகும். மண்வெட்டியின் பிடி இறுக்கப்படும். தாக்கத்தி கொல்லரிடம் செல்லும். தெளிகருவியின் தேய்ந்த உறுப்புக்கள் மாற்றப்படும். மடியிற் செருகிய வில்லுக்கத்தி மட்டும் இவ்வரிசையிற் சேர்க்கப்படுவதில்லை. சாக்கின் தையலை அறுப்பதும், நாற்றுக் கட்டை அவிழ்ப்பதும், பயற்றங்கொடிக்குக் கயிறு துண்டாக்குவதும், குருத்து இறந்த நெற்பயிரின் தண்டைப் பிளந்து உள்ளே தண்டு துளைப்பானின் புழு உண்டா எனப் பார்ப்பதும், தோடை, தேசிக் கன்றுகளில் அரும்பு ஒட்டுவதும், ஈற்றில் வரப்பிலிருந்து மாங்காய் சீவித் தின்பதும் அந்த ஒரு கத்தியினாலேயே. இத்தனை வேலை செய்யும் கருவிக்கு ஆண்டில் ஒருநாளாயினும் ஒதுக்குதல் தகும்.

பலரிடத்து இக்கத்தி தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்ததாயிருக்கும். பழகிய கத்தியின் குறை கண்ணுக்குத் தோன்றாது. கையே அக்குறைக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். அலகு திறக்கும்போது எழும் "சடக்" என்ற ஓசையைக் கேட்டே இது தம் கத்தியென்று சொல்லக்கூடியவர் உளர். அத்தகையோரிடம் கத்தியிற் குறையுண்டு என்றால் அவர் முகம் வாடுவது இயல்பே. ஆயினும் சொல்லவேண்டிய குறைகள் இரண்டு உள. அவற்றுள் ஒன்று விரலையும் மற்றொன்று தோட்டத்தையும் கெடுக்க வல்லது.

இங்கு எடுத்துக்கொண்ட கத்தி யாவரும் அறிந்ததே. ஏறக்குறைய 8 சதமமீற்றர் நீளமுள்ள ஓர் அலகு. இரு பக்கத்தகடுகளாலான மரப்பிடி. பிடியின் முதுகு முழுவதும் நீண்டு அலகின் அடியை அமுக்கி நிற்கும் ஓர் உருக்கு வில். அலகைப் பிடியுடன் சேர்க்கும் அடித்து மடக்கிய ஆணி. வில்லுக்கத்தி என்ற பெயர் இவ்வில்லினால் வந்தது.

வில் செய்வதும் செய்யாததும்

திறந்த அலகை வில் பூட்டுகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. வில் அலகை அமுக்கி நிற்கின்றதேயொழியப் பூட்டுவதில்லை. அமுக்கும் விசையிலும் மிகுந்த விசை அலகின் முதுகில் விழுந்தால் அலகு மடியும். மடியும் வழியில் இருப்பவை பிடியைச் சுற்றிய நான்கு விரல்கள். மூங்கிற் கம்பில் முனையைக் குத்தித் திருகும்போதும், வாய் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதும், அலகின் முதுகை எதன்மீதேனும் தட்டும்போதும் இது நிகழும். பழைய கத்தியில் வில் தளர்ந்தும் ஆணித்துளை அகன்றும் இருப்பதால் ஆபத்து ஆண்டுக்காண்டு கூடும். புதிய கத்தியிலும் பழைய கத்தியே மிகவும் விரும்பப்படுவது என்பது இங்கே வருந்தத்தக்கது.

விரலில் ஒரு கீறல்தானே என்று எண்ணுதல் கூடாது. பெரும்போக விதைப்புக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுக்காயத்துடன் வயற்சேற்றில் இறங்குவோரை எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு நீரிற் கலக்கும் கிருமி, காயத்தின் வழியாகவும் ஊறி வெளிறிய தோலின் வழியாகவும் உடலினுட் புகும். ஏற்புவலியின் கிருமியோ மண்ணிலும் எருவிலும் வாழ்வது. ஆதலால் வெட்டுப்பட்டவுடன் ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுக் கழுவித் தூய துணியாற் கட்டுதல் வேண்டும். காயம் ஆறும்வரை சேற்றுவேலையைப் பிறரிடம் ஒப்படைத்தல் நன்று. ஏற்புத்தடை ஊசி வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. பின்னர்க் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் வைத்தியசாலைக்குச் சென்று, வயலில் வேலை செய்ததைக் கேளாமலே சொல்லுதல் வேண்டும். விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு எலிக்காய்ச்சற் தடைமருந்து பற்றிக் கேட்டுக்கொள்வது அதனிலும் மேலானது.

பிற நாட்டார் கண்ட வழிகள்

மடிப்புக்கத்தி விரலை வெட்டுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. பிரான்சின் சவோய் மலைநாட்டில் யோசேப்பு ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டளவில் உழவருக்கென எளிய கத்தியொன்றைச் செய்தார். உருண்ட மரப்பிடியில் ஒரு பிளவு, அதில் ஓர் அலகு, ஓர் ஆணி, வில் இல்லை. அக்கத்திக்கு 1955இல் பிளவுள்ள உருக்கு வளையமொன்று சேர்க்கப்பட்டது. அலகைத் திறந்தபின் வளையத்தைச் சற்றுத் திருப்பினால் பிளவு மூடிக்கொள்ளும். அலகு மடிய இடமிராது. இக்கத்தி இன்றும் விலைப்படுகின்றது. இதன் மரப்பிடி நீரில் ஊறினால் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்வது ஒரு குறை. நாளெல்லாம் ஈரத்தில் நிற்கும் நெற்செய்கையாளர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அமெரிக்காவில் பக் என்ற நிறுவனம் 1964இல் வெளியிட்ட கத்தியில், பிடியின் முதுகிலுள்ள நெம்புதண்டு ஒன்று அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பூட்டும். மிக உறுதியான முறை இது. ஆயின் மயிரிழை அளவில் அராவிப் பொருத்தவேண்டியது. கிராமத்துப் பட்டறையில் இதனைச் செய்விக்க முயல்வது வீண்செலவு.

யப்பானியர் கண்ட வழியே நமக்கு மிகவும் உகந்தது. அந்நாட்டின் மிக்கி என்னும் ஊர் கொல்லருக்குப் பெயர்பெற்றது. அங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செய்யப்படும் "ஹிகோனோகாமி" என்ற மடிப்புக்கத்தியில் வில்லுமில்லை, பூட்டுமில்லை. அலகின் அடி, ஆணியைக் கடந்து ஒரு சிறு வாலாக நீண்டிருக்கும். அலகு திறந்திருக்கும்போது அவ்வால் பிடியின் முதுகிற் படியும். பிடித்த கையே வாலையும் சேர்த்து அமுக்குவதால் அலகு மடிய வழியில்லை. பூட்டு வேறெங்குமில்லை, வேலை செய்பவரின் கைதான் பூட்டு.

வாலமைக்கும் முறை

விரும்பிய கத்தியின் வில்லைக் கழற்றிவிட்டு, வாலுள்ள அலகொன்றை அதே பிடியிற் பூட்டுவதே இங்கு சொல்லப்படும் முதலாவது திருத்தமாகும். வில்லில்லாத வில்லுக்கத்தி என்று சிலர் நகைக்கக்கூடும். பெயர் போனால் போகட்டும். விரல் இருத்தல் வேண்டும்.

வால் ஆணியின் நடுவிலிருந்து 3 சதமமீற்றர் நீளமாயிருத்தல் போதும். அதன் நுனியைக் காய்ச்சி அடித்துச் சிறுவிரல் நகமளவு அகலமாக்கி, பிடியின் இரு பக்கத்தகடுகளின் முதுகிலும் ஒருங்கே படியுமாறு செய்தல் வேண்டும். அகலமான இந்நுனிக்கு மூன்று பயன்கள் உண்டு. வெட்டும்போது அலகு பின்னோக்கிச் சாயாமல் அது தாங்கும், உள்ளங்கையை உறுத்தாது, கத்தி மடிந்திருக்கும்போது முன்னே நீட்டி நிற்கும் அதனைப் பெருவிரலால் அமுக்கியே அலகைத் திறக்கலாம். சேறு படிந்த கையால் நகக்குழியைப் பற்றித் திறக்க முயன்று நகம் பெயர்ந்தவர்களுக்கு இம்மூன்றாவது பயனின் அருமை விளங்கும்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. மடியிற் கிடக்கும்போது வால் எதிலேனும் அமுங்கினால் அலகு சிறிது திறந்துகொள்ளலாம். ஆகவே மூட்டு சற்று இறுக்கமாக இருத்தல் வேண்டும். ஒரு கையால் உதறித் திறக்கக்கூடிய தளர்ச்சி கூடவே கூடாது. அன்றியும் வாலிலே துளையிட்டுக் கயிறு கோத்து, மடித்தபின் அக்கயிற்றைப் பிடியைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொள்ளலாம். தடித்த துணியாலோ தோலாலோ சிறு உறை தைத்துக்கொள்வது இன்னும் நன்று. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் உறையிட்டபின்னும் உயரத்தில் வைத்தல் வேண்டும்.

பழைய அலகுக்கே வாலை ஒட்டவைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. உருக்கலகில் மின்காய்ச்சி ஒட்டினால் ஒட்டின் அருகே உருக்கு நொறுங்குந் தன்மை அடையும். அலகின் தோய்ச்சலும் கெடும். அத்தகைய வால் ஒருநாள் வேலையின் நடுவே முறியும். ஆதலால் அலகைப் புதிதாக அடிப்பித்துப் பிடியை மட்டும் வைத்துக்கொள்வதே தக்கது. தந்தையின் கை பட்டது பிடியிலேயே. பழைய அலகு பெரும்பாலும் தீட்டித் தீட்டி முன்னரே பாதியாகியிருக்கும்.

மூட்டினுள் இருப்பது யாது?

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. வில் பிடியின் முதுகை அடைத்து நிற்பதால் மூட்டினுட் புகும் மண்ணும் சாறும் வெளியேற வழியில்லை. நெடுநாட் பயன்பட்ட கத்தியொன்றின் மூட்டை ஈர்க்கினாற் கிண்டிப் பார்ப்பவர் உள்ளிருந்து வரும் கறுத்த களியைக் கண்டு வியப்படைவர். சென்ற போகத்து உருளைக்கிழங்கின் சாறும் அதில் இருக்கலாம்; அயல்தோட்டத்துத் தேசிமரத்தின் சாறும் இருக்கலாம்.

உருளைக்கிழங்கின் பற்றீரியா வாடல் நோயை எடுத்துக்கொள்வோம். நோயுற்ற கிழங்கை வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே கபில நிற வளையமும், அதிலிருந்து கசியும் வெண்ணிறக் களியும் காணப்படும். அதே கத்தியால் அடுத்த விதைக்கிழங்கை வெட்டினால் நோயும் வெட்டிய முகத்தில் ஏறிவிடும். அவ்வாறு நட்ட பாத்தி வாடியபின், அந்நிலத்தில் உருளைக்கிழங்கு மட்டுமன்றித் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியனவும் இடர்ப்படும்; நோய்க்கிருமி மண்ணிலே தங்குவதால் இழப்பு ஒரு போகத்தோடு முடிவதில்லை. விதைக்கிழங்கை வெட்டாது முழுதாக நடுவதே முதற் காப்பு. வெட்டியே ஆகவேண்டுமெனின் இரு கத்திகளை வைத்துக்கொண்டு, ஒன்று மருந்துநீரில் ஊற மற்றொன்றால் வெட்டி, கிழங்குக்குக் கிழங்கு மாற்றுதல் வேண்டும்.

தோடை, தேசி வகைகளில் இதனினும் மறைவான பகையொன்று உண்டு. வைரசிலும் சிறியனவாகிய வைரோயிட்டுக்கள் என்ற நோய்க்காரணிகள் இருப்பதை 1971இல் தியடோர் டீனர் என்ற அறிஞர் உருளைக்கிழங்கில் வெளிப்படுத்தினார். தோடையினத்தில் ஒட்டுக்கட்டையின் பட்டையை உரியச்செய்து மரத்தைக் குறுக்கும் நோய்க்கும் வைரோயிட்டே காரணமென்பது அடுத்த ஆண்டில் தெரியவந்தது. நோயைத் தாங்கும் வகை மரங்களில் அடையாளம் எதுவும் தோன்றாது. பசுமையாக நிற்கும் தாய்மரத்தில் ஒட்டுமுளை எடுத்த கத்தி, அன்று ஒட்டிய கன்றுகள் அனைத்துக்கும் நோயைக் கொடுத்திருக்கலாம். சில ஆண்டுகள் நீரூற்றியபின்னரே உண்மை தெரியும். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு கத்தி மூட்டிலிருந்து கெடுவதை எவரே பொறுப்பர்?

அலகை நெருப்பிற் காட்டினாற் போதுமென்பது தவறான எண்ணம். வைரோயிட்டு வெப்பத்துக்கு எளிதில் அழிவதில்லை. அழிவது கத்தியின் தோய்ச்சலே. மதுசாரமும் இதற்குப் போதாது. துணி வெளுக்க விற்கப்படும் சோடியம் ஐப்போகுளோரைற்றுத் திரவமே ஏற்றது. போத்தலில் நூற்றுக்கு 5 பங்கு வலு எனக் குறிக்கப்பட்டிருப்பின், ஒரு பங்கு திரவத்துக்கு நான்கு பங்கு நீர் கலக்க வேண்டிய வலு கிடைக்கும். முதலில் மண்ணையும் சாற்றையும் துடைத்த பின்னரே கத்தியைத் தோய்த்தல் வேண்டும். அழுக்குச் சேர்ந்தால் திரவம் வலுவிழக்கும். அன்றன்று புதிதாகக் கலக்குக. வேறெந்தத் திரவத்துடனும், சிறப்பாக அமிலத்துடன், இதனைச் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு எழும். வேலை முடிந்ததும் கத்தியை நன்னீரிற் கழுவித் துடைத்து எண்ணெயிடாவிடின் மறுநாளே துரு ஏறும்.

எல்லா நோயையும் கத்தியின் தலையிற் சுமத்துவதும் முறையன்று. வாழையின் உச்சி இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் நோயைப் பரப்புவது அழுக்கணவன் என்னும் பூச்சியும் நோயுற்ற குட்டிகளுமே.

வில்லைக் கழற்றியவுடன் பிடியின் முதுகு திறந்துவிடுவதால் இக்குறைக்குப் பாதி மருந்து தானே கிடைத்துவிடுகின்றது. மேலிருந்து நீரூற்றினால் கீழே வடியும்; ஈர்க்கொன்றை ஊடே செலுத்தித் துப்புரவாக்கலாம். மீதிப் பாதிக்கு, அடித்து மடக்கிய ஆணிக்குப் பதிலாக 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள துருவேறா போல்ட்டும் நட்டும் இடுதல் வேண்டும். அலகின் இருபுறமும் மெல்லிய பித்தளை வாசர் ஒவ்வொன்று வைத்தால் அலகு மரத்தில் உராயாது. நட்டு ஒன்றாயின் கழன்றுபோகும். இரண்டை ஒன்றன்மேலொன்றாக எதிரிறுக்கம் செய்க. ஒட்டும் காலத்தில் ஒவ்வொரு நாளும், ஏனைய காலத்தில் மாதமொருமுறையும் மூட்டைக் கழற்றிக் கழுவலாம். மூட்டுக்குத் தேங்காயெண்ணெய் இடுவோர் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் அஃது உறைந்து மூட்டைப் பிடிப்பதைக் கண்டிருப்பர். தையற்பொறிக்கு இடும் எண்ணெயில் ஒரு துளி போதும்.

உருக்கும் தோய்ச்சலும்

புதிய அலகைத் தேய்ந்த அரத்திலிருந்தோ லொறியின் வில்லுத்தகட்டிலிருந்தோ கொல்லர் அடித்துக் கொடுப்பர். இரண்டும் நல்ல உருக்கே. அரத்திலிருந்து செய்வதாயின் அதன் பற்கள் முழுவதையும் அராவி நீக்குதல் வேண்டும். பல்லின் அடியிலிருந்தே வெடிப்புத் தொடங்கும்.

செந்நிறமாகக் காய்ச்சிய அலகு காந்தத்தால் இழுக்கப்படாத நிலையை அடைந்ததும் எண்ணெயில் தோய்க்கப்படும். அந்நிலையில் அலகு கண்ணாடி போல் நொறுங்கும். ஆதலால் ஒரு பக்கத்தை மினுக்கி, முதுகுப் புறமிருந்து மெல்லச் சூடேற்றி, வாயில் வைக்கோலின் வெளிர்மஞ்சள் நிறம் ஏறியவுடன் நிறுத்துதல் வேண்டும். அந்நிறம் ஏறத்தாழ 230 பாகை சதமவளவில் தோன்றும். 300 பாகையை அணுகினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த உருக்கு வில்லுக்கு உதவும், கத்தி வாய்க்கு உதவாது. வாலுக்கும் மூட்டுப்பகுதிக்கும் நீலமே நல்லது. அவை முறியாமல் வளைந்து கொடுத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கொல்லரிடம் முன்னரே சொல்லுக. அனுபவமிக்க கொல்லருக்கு இதனைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் கேட்டால் அவர் கோபிக்கமாட்டார்.

நல்ல தோய்ச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் வீதியோரத்துச் சாணைச்சில்லு. பொறி பறக்க நீரின்றித் தீட்டினால் மெல்லிய வாய் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். அக்கத்தி அன்று மயிரை வழிக்கும். மூன்றாம் நாள் கயிற்றையும் அறுக்காது. நீர் தெளித்த சாணைக்கல்லிற் கையாலே தீட்டுக.

துருவேறா உருக்கு 1913இல் இங்கிலாந்தின் செவீல்டு நகரில் ஹரி பிரியர்லி என்பவரால் உருவாக்கப்பட்டது. அத்தகைய அலகு கடைக்கத்தியிற் கிடைக்கும். கிராமத்து உலையில் அதனைச் சரிவரத் தோய்த்தல் இயலாது. தேசி, மாங்காய் ஆகியவற்றின் புளியால் சாதாரண உருக்கு கறுப்பது கண்டு அஞ்சவேண்டாம்; கறுப்பு வேறு, செந்துரு வேறு.

வாயும் முனையும் பிடியும்

அரும்பு ஒட்டும் கத்தியின் வாய் ஒரு புறம் மட்டும் சாய்வாகவும் மறுபுறம் கண்ணாடிபோற் சமமாகவும் இருத்தல் வேண்டும். இருபுறமும் சாய்ந்த வாய் வெட்டுமுகத்தைக் குவியச்செய்யும். ஒட்டின் நடுவே காற்றுப் புகுந்து அரும்பு உலரும். ஆகவே ஒட்டுவேலை மிகுதியாக உள்ளவர் அதற்கெனத் தனிக்கத்தி வைத்துக்கொள்வதே நேர். வில்லுக்கத்தி ஒன்றே உள்ளவர் எவ்வகை வாயை விரும்புவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நெல்லும் மரக்கறியும் செய்பவருக்கு இருபுறச் சாய்வே பொருந்தும். இடக்கையாளர் ஒட்டுக்கத்தியின் சாய்வை மறுபுறத்தில் அமைப்பிக்க மறவாதிருப்பாராக.

முனை ஊசிபோற் கூர்மையாயிருக்க வேண்டியதில்லை. முதுகை முனையருகே கீழ்நோக்கி வளைத்துவிட்டால் நெற்றண்டைப் பிளக்கப் போதிய கூர் இருக்கும். தவறி விழுந்தால் காலிற் குத்தாது. பிடிக்கு முதிரை போன்ற வைரமான மரமே நீரைத் தாங்கும். அதன் ஒரு பக்கத்திலேனும் மஞ்சள் வர்ணம் பூசுக. வரப்பில் விழுந்த கறுப்புப்பிடிக் கத்தி அடுத்த உழவிலேயே வெளிப்படும், அதுவும் உழவு இயந்திரத்தின் வட்டிலே.

கொல்லரிடம் செல்லுமுன்

வாயாற் சொல்லி விளக்குவதிலும் மாதிரி காட்டுதல் சிறந்தது. தடித்த மட்டையில் அலகை வாலோடும், பிடியை வேறாகவும் வெட்டி, ஆணியிடத்தில் குண்டூசியாற் குத்தித் திறந்தும் மூடியும் பார்க்க. மூடும்போது அலகின் வாய் பிடியின் அடியில் முட்டுமா, திறந்தபின் வால் பிடியின் முதுகிற் சரியாகப் படியுமா, நான்கு விரலும் பிடியில் அடங்குமா என்பன அங்கேயே தெரியும். மட்டையிற் பிழைத்தால் இன்னொரு மட்டை. உருக்கிற் பிழைத்தால் கூலி இரட்டிப்பு.

செய்துமுடித்த கத்தியைப் பட்டறையிலேயே சோதித்து வாங்குக. அலகின் வாயைத் துணியாற் சுற்றிக் கட்டியபின், பிடியை வேலைக்குப் பிடிப்பதுபோல் வாலோடு சேர்த்துப் பற்றி, அலகின் முதுகை மரக்குற்றியில் மெல்லவும் பின்னர்ச் சற்றுப் பலமாகவும் தட்டுக. கைக்குள் வால் எழும்ப முயன்றால் அது நீளங் குறைந்தது. அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுமாயின் வாசர் மெல்லியது. நீர் ஊற்றி, பிடியின் கீழே அது தடையின்றி வடிகின்றதா என்றும் பார்த்துக்கொள்க.